திருவிதாங்கூர்க் கோழியும் மூல இனவணுவும்

குளச்சல் துறைமுகத்தை ஒட்டிய தெருக்களிலும், அவற்றிற்குச் சற்று உள்ளே தள்ளியுள்ள தென்னந்தோப்புகளிலும், கருவாட்டுத் துணுக்கையும் தென்னைமூட்டு மண்ணில் நெளியும் புழுவையும் ஒருங்கே பொறுக்கித் தின்று வளரும் நாட்டுக்கோழிகளுக்கிடையே, சில வேளைகளில், கழுத்தில் இறகே இல்லாமல், சிவந்த தோல் வெளித்தெரிய நிமிர்ந்து நடக்கும் கோழி ஒன்றையும் காணலாம். புதிதாகப் பார்ப்பவர் அதை நோய்கண்டு இறகுதிர்ந்தது என்றோ, கூட்டத்திலுள்ள மற்றக் கோழிகள் கொத்திப் பிடுங்கியது என்றோ எண்ணி இரக்கப்படுவர். உண்மையில் அது பூரண ஆரோக்கியமுள்ள கோழி. குஞ்சுப் பருவம் முதலே அதன் கழுத்து அப்படித்தான் இருந்தது. அதன் தாய்க்கோ தகப்பனுக்கோ அப்படித்தான் இருந்திருக்கும். இந்தியக் கோழியினங்களைப் பற்றிய நூல்கள், கழுத்தில் இறகில்லாத இவ்வினம் பழைய திருவிதாங்கூர்ச் சமஸ்தானத்தில், குறிப்பாகத் திருவனந்தபுரத்தைச் சூழ்ந்த பிரதேசத்தில், பெயர்பெற்றது என்று குறிப்பிடுகின்றன. 1956 நவம்பர் 1ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தபோது, மொழியும் நிலமும் மட்டுமன்றி, இந்தக் கோழியும் நமக்குச் சொந்தமாயிற்று.

இதன் அருமையை உணரக் கோழியின் சரீர அமைப்பில் ஒரு சங்கதியை முதலில் அறிய வேண்டும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. உஷ்ணம் மிகுந்தால் அது வாயைப் பிளந்து இளைப்பதன் மூலமும், கொண்டை, தாடி, கால் ஆகிய இறகில்லாத இடங்களின் வழியாகவுமே உடற்சூட்டை வெளியேற்றுகிறது. கழுத்தும் இறகின்றித் திறந்திருக்குமானால் அந்த வாயில் மேலும் அகலமாகிறது. இந்தக் குணத்தைப் பெற்றோருள் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்ற கோழியின் முன்கழுத்தில் சிறு இறகுக் குஞ்சம் ஒன்று எஞ்சியிருக்கும். அதன் உடல் முழுவதிலும் சாதாரணக் கோழியைவிட ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் இறகு குறைந்திருக்கும். இருவரிடமிருந்தும் பெற்றதற்கோ கழுத்து ஏறக்குறைய முழுவதும் வெறுமையாயிருக்கும். உடலில் இறகு சுமார் ஐந்தில் இரண்டு பங்கு குறைந்துவிடும். இறகு வளர்ப்பதற்குச் செலவாகியிருக்க வேண்டிய புரதம் சதைக்குப் போய்ச் சேர்கிறது. வெயிலும் கடற்காற்றின் ஈரமும் சேர்ந்து புழுக்கும் நம்முடைய கரையோரத்துக்கு இதைவிடப் பொருத்தமான கோழியை மனிதர் திட்டமிட்டுப் படைப்பதென்றாலும் எளிதாக இராது.

இந்த மாறுதலின் காரணத்தை 2011இல் எடின்பரோவிலுள்ள ராஸ்லின் நிறுவனத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் வெளிப்படுத்தினர். கோழியின் முதலாம் குரோமோசோமைச் சேர்ந்த நீண்ட டி.என்.ஏ. துண்டு ஒன்று, என்றோ ஒரு காலத்தில், மூன்றாம் குரோமோசோமில் சென்று செருகிக்கொண்டுவிட்டது. அவ்விடத்துக்கு அருகிலுள்ள மரபணு, இறகு முளைப்பதைத் தடுக்கும் பி.எம்.பி.12 என்னும் புரதத்தை உண்டாக்குவது. செருகிக்கொண்ட துண்டின் தூண்டுதலால் அது கருவின் தோலில் அளவுக்கு மிஞ்சிச் சுரக்கிறது. அப்படியானால் உடல் முழுவதுமல்லவா இறகற்றுப் போக வேண்டும் என்ற கேள்வி எழும். பறவையின் கழுத்துத் தோல் வைட்டமின் ஏ சத்திலிருந்து பிறக்கும் ஓர் அமிலத்தைத் தானே உண்டாக்கிக்கொள்வதால், அந்தப் புரதத்தின் தடைக்கு மற்ற இடங்களைவிட விரைவில் கட்டுப்பட்டுவிடுகிறது என்பதே அதற்கு அவர்கள் கண்ட விடை. எந்தப் பரிசோதனைச் சாலையும் தலையிடாமல், இயற்கை தானே ஒரு குரோமோசோமின் துண்டை எடுத்து வேறொன்றில் வைத்தது. பயனைக் கண்ட கிராமத்து மக்கள் அந்தக் கோழியை அடைவைத்துப் பெருக்கினார்கள்.

கோழியின் மரபில் இத்தகைய கலப்பு இது ஒன்றே அன்று. உலகத்துக் கோழிகளுக்கெல்லாம் மூதாதை, தென்கிழக்கு ஆசியாவின் செந்நிறக் காட்டுக்கோழி என்பது டார்வின் காலந்தொட்டு ஏற்கப்பட்டுவரும் முடிவு. ஆனால் இன்று உலகெங்கும் பண்ணைகளில் வளரும் கோழிகளிற் பெரும்பாலானவற்றின் மஞ்சள் நிறத் தோலும் மஞ்சள் நிறக் காலும் செந்நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்தவையல்ல என்றும், அக்குணத்துக்குரிய மரபணு தென்னிந்தியாவின் சாம்பல் நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்றும் 2008இல் சுவீடன் நாட்டு விஞ்ஞானிகள் தலைமையில் நடந்த ஆராய்ச்சி நிலைநாட்டியது. சாம்பல் காட்டுக்கோழி மேற்குத் தொடர்ச்சி மலையின் பறவை. குமரி மாவட்டத்தின் மலைக்காடுகளிலும் விடியற்காலையில் அதன் கூவலைக் கேட்கலாம். அமெரிக்காவிலோ பிரான்சிலோ ஒருவர் கடையில் வாங்கும் கோழியின் மஞ்சள் தோலில் நம்முடைய மலையின் பறவை கொடுத்த பங்கு இருக்கிறது என்பதை நாம் நினைவில் வைத்திருப்பது நல்லது. கொடுத்தவர்கள் நாம் என்ற பெருமைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இன்னும் கொடுப்பதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டியிருப்பதால் சொல்கிறேன்.

கடற்கரை ஊரில் எழுதுவதால் இன்னொரு சங்கதியையும் விட்டுவிட மனம் வரவில்லை. மீன் கழிவு தின்னும் கோழியின் முட்டையில் மீன்வாடை அடிக்கிறது என்று வீட்டுப் பெண்கள் சொல்வதுண்டு. எல்லாக் கோழியின் முட்டையும் அப்படி அடிப்பதில்லை என்பதையும் அவர்களே சொல்வார்கள். மீனிலுள்ள ஒரு பொருள் குடலில் சிதைந்து டிரைமெத்திலமைன் என்னும் வாடையுள்ள வாயுவாக மாறுகிறது. அதை வாடையற்றதாக்குவது கல்லீரலிலுள்ள ஒரு நொதியின் வேலை. அந்த நொதியின் மரபணுவில் ஓர் எழுத்துப் பிசகிய கோழிகளில் வாடை நீங்காமல் மஞ்சள்கருவில் சேர்ந்துவிடுகிறது. 2005இல் பின்லாந்து ஆராய்ச்சியாளர்கள் இப்பிசகைக் கண்டறிந்த பிறகு, பழுப்பு முட்டையிடும் இனங்களிலிருந்து இக்குறையை இரத்தச் சோதனையின் உதவியால் களைவது சாத்தியமாயிற்று. இங்கே மரபணு மாற்றம் எதுவும் செய்யப்படவில்லை. எந்தக் கோழியைப் பெருக்குவது, எதை விலக்குவது என்று தேர்ந்தெடுக்கும் பழைய முறையே புதிய கண்ணாடி ஒன்றை அணிந்துகொண்டது.

தேர்வு என்பது இருப்பதிலிருந்து பொறுக்குவது. இல்லாத ஒரு குணத்தைப் புகுத்தவோ, இருக்கும் எழுத்தொன்றைத் திருத்தவோ வேண்டுமானால் கருவின் ஆரம்பத்திலேயே கை வைக்க வேண்டும். எலியிலும் மாட்டிலும் இது பல்லாண்டுகளுக்கு முன்பே கைகூடிவிட்டது. கோழியில் மட்டும் நெடுங்காலம் கைகூடவில்லை. குளோனிங் முறையில் டாலி என்னும் செம்மறியாடு 1996இல் பிறந்ததும் ராஸ்லின் நிறுவனத்தில்தான். அந்த நிறுவனத்தின் கோழி ஆராய்ச்சியாளர்களுக்கு அந்த வழி சிறிதும் பயன்படவில்லை. காரணம் முட்டை. நாள்தோறும் நம் சமையலறையில் உடைபடும் அப்பொருளின் உற்பத்தி ஒழுங்கைச் சற்று விரிவாகப் பார்த்தால் அந்தத் தடையின் தன்மை விளங்கும்.

பெட்டைக்கோழிக்கு இடப்பக்கத்துச் சினைப்பை ஒன்றே முதிர்ந்து வேலைசெய்கிறது. அதில் திராட்சைக் குலை போலச் சிறிதும் பெரிதுமாகக் கருவணுக்கள் தொங்கும். அவற்றுள் ஒன்று, இறுதிப் பத்து நாட்களில், கல்லீரலிலிருந்து வரும் கொழுப்பையும் புரதத்தையும் வாங்கி வேகமாகப் பருத்து, நாம் மஞ்சள்கரு என்று சொல்லும் உருண்டையாகிறது. அவ்வளவு பெரிய உருண்டையும் ஒரே உயிரணுதான். அதன் உயிர்நாடியோ மேற்பரப்பில் மூன்று, நான்கு மில்லிமீட்டர் அகலமுள்ள வெண்புள்ளி ஒன்றில் அடங்கியிருக்கிறது. உடைத்த முட்டையின் மஞ்சள்கருவை மெல்லத் திருப்பிப் பார்த்தால் அப்புள்ளியை எவரும் காணலாம். சினைப்பையிலிருந்து விடுபட்ட மஞ்சள்கரு கருக்குழாயின் வாயில் விழுந்த கால் மணிநேரத்துக்குள்ளாகவே, அங்கு முன்னமே காத்திருக்கும் சேவலின் விந்தணுக்களுள் பல, அந்தப் புள்ளிக்குள் நுழைந்துவிடுகின்றன. பாலூட்டிகளில் ஒன்று நுழைந்ததும் கதவு அடைபடும். பறவையில் பல நுழைந்து ஒன்றே கலக்கும். மேலும், சேவலோடு ஒருமுறை சேர்ந்த பெட்டை, கருக்குழாயின் கீழ்ப்பகுதியிலுள்ள நுண்ணிய குழல்களில் விந்தணுக்களைச் சேமித்து வைத்துக்கொண்டு, இரண்டு வாரத்துக்கு மேலும் சினை முட்டை இடவல்லது. சேவலை விற்றபின்பும் சிலகாலம் அடைவைத்த முட்டைகள் பொரிப்பதும், அதன்பின் எல்லாம் கூமுட்டையாகிப் போவதும் கோழி வளர்க்கும் வீடுகளில் அனுபவத்தால் அறிந்த விஷயம்.

பிறகு வெள்ளைக்கரு சேர்வதற்கு மூன்று மணி நேரமும், உட்சவ்வு படிவதற்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலும், ஓடு கட்டுவதற்குச் சுமார் இருபது மணி நேரமும் ஆகின்றன. இந்நேரமெல்லாம் கரு சும்மா இருப்பதில்லை. ஓடு கட்டத் தொடங்குமுன்பே அது இரண்டாகவும் நான்காகவும் பிரியத் தொடங்கிவிடுகிறது. கோழி கேறிக்கொண்டு எழுந்து முட்டையை நம் கையில் தரும் வேளையில் அந்த வெண்புள்ளியில் நாற்பதாயிரம் முதல் அறுபதாயிரம் உயிரணுக்கள் இருக்கின்றன. ஒற்றை உயிரணுவாக இருந்தபோது அதை எட்ட வேண்டுமானால் பெட்டையைக் கொன்று கருக்குழாயைத் திறக்க வேண்டும். எட்டினாலும் மஞ்சள்கருவின் ஒளிபுகாத திரளில் உட்கருவைக் கண்டு ஊசியால் தொடுவது அரிது. 1988இல் எடின்பரோவைச் சேர்ந்த மார்கரெட் பெர்ரி என்னும் அம்மையார், அவ்வாறு எடுத்த கருவை முதலில் கண்ணாடிப் பாத்திரத்திலும் பின்னர் ஒன்றன்பின் ஒன்றாக வேற்று முட்டையோடுகளிலும் வைத்து வளர்த்துக் குஞ்சாகவே பொரிக்கச் செய்தார். ஓடு தாய்வயிற்றின் வேலையைச் செய்யும் என்பதை நிரூபித்த அச்சாதனை எத்தனை முறை படித்தாலும் வியப்பூட்டுவது. ஆனால் பரம்பரையை மாற்றும் எளிய வழியாக அது அமையவில்லை. அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் வேறு சிலர், வைரஸ் ஒன்றின் முதுகில் அந்நிய மரபணுவை ஏற்றிக் கருவுக்குள் அனுப்பினர். அம்முறையில் மரபணு போய்ச் சேர்ந்ததே தவிர, எந்த இடத்தில் சேர வேண்டும் என்பதை அவர்களால் கட்டளையிட முடியவில்லை.

வழி திறந்தது மூல இனவணுக்களின் மூலமாக. எந்தப் பிராணியிலும் உடலாகும் உயிரணுக்கள் வேறு, சந்ததியாகும் உயிரணுக்கள் வேறு. பின்னாளில் விந்தணுவாகவோ கருமுட்டையாகவோ மாறப்போகும் உயிரணுக்கள் மிக இளம் கருவிலேயே தனித்து ஒதுங்கிவிடுகின்றன. அவற்றையே இங்கு மூல இனவணுக்கள் என்கிறேன். அப்போதுதான் இட்ட கோழிமுட்டையில், அறுபதாயிரத்துக்கிடையே, அவை ஏறத்தாழ முப்பது மட்டுமே. பாலூட்டிகளில் அவை திசுக்களினூடே ஊர்ந்து சினைப்பை அல்லது விதைப்பை உருவாகும் இடத்தைச் சேர்கின்றன. பறவையிலோ, கருவின் தலைக்கு முன்னாலுள்ள பிறை வடிவப் பகுதியில் கூடியிருந்து, இரத்தக்குழாய்கள் தோன்றியதும் அவற்றுள் இறங்கி, இரத்த ஓட்டத்தோடு உடலைச் சுற்றி வந்து, தங்கள் இடத்தை அடைந்ததும் அங்கே கரையேறிவிடுகின்றன. அமெரிக்கரான ஸ்விஃப்ட் என்பவர் 1914இலேயே இதை எழுதிவிட்டார். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்குப் பிறகே அதன் முழுப் பயனும் கைக்கு வந்தது.

இரண்டரை நாள் அடைகாத்த முட்டையின் ஓட்டில் விரல்நகம் அளவு சன்னல் வெட்டினால், மஞ்சள்கருவின்மேல் செந்நூல் வலையாக இரத்தக்குழாய்களும் நடுவில் துடிக்கும் இதயமும் தெரியும். முடியினும் மெல்லிய கண்ணாடி ஊசியால் அந்த இரத்தத்திலிருந்து ஒரு துளியில் சிறு பங்கை உறிஞ்சினால், அதில் சில மூல இனவணுக்கள் இருக்கும். அவற்றைப் பாத்திரத்தில் உயிரோடு வைத்து மாதக்கணக்கில் பெருக்கும் முறையைக் கலிபோர்னியாவைச் சேர்ந்த குழுவொன்று 2006இல் வெளியிட்டது. பாத்திரத்தில் பெருகும் உயிரணுவில் வேண்டிய திருத்தத்தை நிதானமாகச் செய்யலாம். கிரிஸ்பர் முதலிய நூதனக் கத்தரிகள் அதற்கு உண்டு. திருத்தம் சரியாக அமைந்த உயிரணுக்களை மட்டும் தேர்ந்து, வேறொரு முட்டையின் கருவினுடைய இரத்தத்தில் செலுத்தி, சன்னலை மூடி, அடைப்பெட்டியில் வைத்துவிட்டால், அவை வழி கேட்காமலேயே தங்கள் இடத்துக்குப் போய்ச் சேரும். இருபத்தொன்றாம் நாள் பொரிக்கும் குஞ்சு, உடலால் ஓர் இனமாகவும், தன் வித்தில் வேறோர் இனத்தைச் சுமப்பதாகவும் வளர்கிறது. வாத்து முட்டையை அடைக்கோழியின் அடியில் வைத்துப் பொரிக்கச் செய்யும் நம் ஊர் வழக்கம் இங்கே ஓட்டுக்கு உள்ளேயே நடைபெறுகிறது என்று சொல்லலாம்.

இம்முறையால் விளைந்தவற்றுள் நமக்கு மிக நெருங்கியது பறவைக் காய்ச்சலைப் பற்றியது. கேரளத்தில் அந்நோய் தலைகாட்டும்போதெல்லாம் களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் வாகனங்களை நிறுத்தி மருந்து தெளிப்பதையும், கோழி வண்டிகளைத் திருப்பி அனுப்புவதையும் குமரி மாவட்டத்து மக்கள் பலமுறை கண்டிருக்கிறார்கள். 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் முதன்முதலாக அந்நோய் இந்தியாவில் தெரிந்தபோது லட்சக்கணக்கான கோழிகள் அழிக்கப்பட்டன. காய்ச்சல் வைரஸ் கோழியின் உயிரணுவுக்குள் பெருகுவதற்கு, ஏ.என்.பி.32ஏ என்னும் கோழியின் சொந்தப் புரதமொன்றின் உதவியை நாடுகிறது. அப்புரதத்தில் இரண்டே அமினோ அமிலங்களை மாற்றிய கோழிகளை ராஸ்லின் நிறுவனமும் இங்கிலாந்திலுள்ள ஆராய்ச்சிக் கூடங்களும் சேர்ந்து உருவாக்கி, 2023இல் முடிவை வெளியிட்டன. சாதாரண அளவில் வைரஸைக் கொடுத்தபோது பத்துக் கோழிகளில் ஒன்பதுக்கு நோய் தொற்றவில்லை. அளவை ஆயிரம் மடங்காக உயர்த்தியபோதோ பத்தில் ஐந்துக்குத் தொற்றிவிட்டது. அவற்றிலிருந்து எடுத்த வைரஸ், தானும் மாறிக்கொண்டு, அப்புரதத்தின் உறவுப் புரதங்களைத் துணையாகக் கொள்ளத் தொடங்கியிருந்தது. மூன்று புரதங்களின் மரபணுக்களையும் நீக்கியபோது பாத்திரத்திலுள்ள உயிரணுக்களில் வைரஸ் வளரவில்லை. அத்தகைய கோழி ஆரோக்கியமாக வாழுமா என்பது வேறு கேள்வி. தோல்வியடைந்த பாதியையும் மறைக்காமல் அச்சிட்டதற்காக அவர்களைப் பாராட்ட வேண்டும். அரைகுறைப் பாதுகாப்புள்ள கோழிகளை அவசரப்பட்டுப் பண்ணைகளில் நிரப்பினால், வைரஸுக்கு நாமே பயிற்சி அளித்தவர்களாவோம்.

இன்னொரு பயன் கருணையைச் சார்ந்தது. நம்முடைய கடைத்தெருக்களிலும் திருவிழாக்களிலும் பச்சை, ரோஸ், நீலம் என்று சாயம் தோய்த்த கோழிக்குஞ்சுகளைக் கூடையில் வைத்து விற்பதைக் குழந்தைகளோடு சென்ற எவரும் பார்த்திருப்பர். அவை முட்டையினக் கோழிகளின் சேவற்குஞ்சுகள். முட்டையும் இடாது, கறிக்கோழிபோல் சதையும் வைக்காது என்பதால் அவற்றைப் பண்ணைகள் வளர்ப்பதில்லை. உலகெங்கும் ஆண்டுதோறும் 600, 700 கோடி சேவற்குஞ்சுகள் பிறந்த அன்றே கொல்லப்படுவதாக மதிப்பிடுகிறார்கள். இதற்குப் பரிகாரம் காணப் பறவையின் பால் நிர்ணயமே கைகொடுக்கிறது. மனிதரில் ஆணிடமே இரு வேறு பால் குரோமோசோம்கள் இருக்கின்றன. பறவையில் அது பெட்டையிடம். சேவலுக்கு இசட் இரண்டு. பெட்டைக்கு இசட் ஒன்று, டபிள்யூ ஒன்று. ஆகவே தாய்க்கோழி தன் இசட்டை மகன்களுக்கு மட்டுமே தருகிறது. மகள்கள் தாயின் டபிள்யூவையும் தந்தையின் இசட்டையும் பெறுகிறார்கள். தாயின் இசட்டில் ஓர் அடையாளத்தைப் பொறித்துவிட்டால் அது எல்லா மகன்களிலும் இருக்கும், எந்த மகளிலும் இராது. ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் ஒளிரும் புரதத்தை அவ்விடத்தில் வைத்து, முட்டையை ஒளியில் பிடித்ததும் ஆண் கருவைப் பிரித்தறிய முயன்றனர். இஸ்ரேலின் வோல்கானி நிறுவனத்தினர், நீல ஒளி பட்டதும் ஆண் கரு மேற்கொண்டு வளராமல் நின்றுவிடும்படி செய்திருப்பதாக 2022இல் அறிவித்தனர். நமக்கு முட்டை தரும் பெட்டையின் உடலில் மாற்றிய மரபணு எதுவும் இல்லை என்பது இம்முறையின் அழகு. பொரித்த குஞ்சைக் கொல்வதைவிட, வலி உணருமுன் கருவை நிறுத்துவது மேலென்றே கருதுகிறேன்.

நம் நாட்டிலும் இத்துறையில் வேலை நடக்கிறது. ஹைதராபாத் ராஜேந்திரநகரிலுள்ள கோழி ஆராய்ச்சி இயக்குநரகம், வனராஜா, கிராமப்ரியா என்னும் புறக்கடைக் கோழி இனங்களால் கிராமங்களில் அறியப்பட்டது. அங்குள்ள விஞ்ஞானிகள், தசை வளர்ச்சிக்கு எல்லை வகுக்கும் மயோஸ்டாட்டின் மரபணுவை ஆர்.என்.ஏ. குறுக்கீட்டு முறையால் அடக்கி, உடல் எடை கூடிய கோழிகளைப் பெற்ற செய்தி 2017இல் வெளியாயிற்று. திறமை நம்மிடம் உண்டென்பதற்கு அது சான்று, அவ்வளவில் மகிழ்கிறேன். ஆனால் எடை கூட்டுவது நமக்கு முதன்மையான தேவையென்று எனக்குத் தோன்றவில்லை. இன்றைய கறிக்கோழி, வெறும் தேர்வு முறையினாலேயே, ஆறே வாரத்தில் இரண்டு கிலோவைத் தாண்டித் தன் காலும் இதயமும் தாங்க மாட்டாத நிலைக்கு வந்துவிட்டது. அதன்மேல் இன்னும் சுமையேற்றுவதில் விஞ்ஞானத்துக்கு என்ன பெருமை? சட்டத்தைப் பொறுத்தவரை, 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1989இல் இயற்றிய விதிகள் மரபணு மாற்றிய உயிர்கள் அனைத்தையும் கட்டுப்படுத்துகின்றன. 2022இல் அளிக்கப்பட்ட விலக்கு, அந்நிய மரபணு சேராத திருத்தம் பெற்ற பயிர்களுக்கு மட்டுமே, பிராணிகளுக்கு இல்லை. அந்த எச்சரிக்கை நியாயமானது.

நமக்குரிய பயன் வேறிடத்தில் இருக்கிறது. மாட்டினம் ஒன்று அருகி வந்தால் அதன் விந்தையும் கருவையும் உறைய வைத்துக் காப்பாற்றலாம். கோழியிலோ முட்டையை உறைய வைக்க முடியாது. அவ்வளவு பெரிய மஞ்சள்கரு உறைதலைத் தாங்காது. சேவலின் விந்தை உறைய வைக்கலாம், ஆனால் அதனால் சினையாகும் முட்டை குறைவு. உறைதலிலிருந்து காக்கப் பயன்படும் கிளிசரினே பெட்டையின் கருக்குழாயில் கருத்தடை மருந்தாகிவிடுகிறது. அத்துடன், விந்தில் இசட் மட்டுமே இருப்பதால், அந்த இனத்தின் டபிள்யூ குரோமோசோமும், தாய்வழியாகவே வரும் மைட்டோகாண்டிரியாவும் ஒருபோதும் காப்பாற்றப்பட மாட்டா. மூல இனவணுக்களில் இக்குறை எதுவுமில்லை. பெட்டைக் கருவிலிருந்தும் சேவற் கருவிலிருந்தும் எடுத்து, திரவ நைட்ரஜனில் பூஜ்யத்துக்குக் கீழே 196 பாகை குளிரில் வைத்துவிட்டால், அவை ஆண்டாண்டுக்கும் அழியாமல் இருக்கும். தனக்கென்று வித்து உண்டாகாதபடி ஒரு மரபணு நீக்கப்பட்ட வளர்ப்புத்தாய்க் கோழிக்குள் அவற்றைச் செலுத்தினால், அது இடும் முட்டையெல்லாம் பழைய இனத்தினுடையதே. 2019இல் ராஸ்லின் குழுவினர் அரிய இனங்களின் முட்டைகளை இவ்வாறு பெற்றுக் காட்டினர். ஆப்பிரிக்க நாட்டுக்கோழிகளின் இனவணுக்களைச் சேமிக்கும் வேலை கென்யாவில் தொடங்கிவிட்டது.

அதுபோன்ற சேமிப்புச் சாலை ஒன்று தமிழ்நாட்டில் அமைய வேண்டும். நாமக்கல்லிலும் மாதவரத்திலும் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்துக்குரிய கூடங்கள் உண்டு; பயிற்சி பெற்றவர்களும் இருக்கிறார்கள். கோடிக்கணக்கில் முட்டை வணிகம் நடத்தும் நாமக்கல்லின் கோழிகள் அயல்நாட்டு நிறுவனங்களின் சில வம்சங்களிலிருந்தே வந்தவை. அவற்றின் மூல வித்து பண்ணையாளர் கையில் இல்லை. நம் கையில் இருப்பவை சிறுவிடை, பெருவிடை, அசில், இந்தத் திருவிதாங்கூர்க் கழுத்துக்கோழி போன்றவை. அவற்றின் மரபில் என்னென்ன எழுதியிருக்கிறது என்பதில் பெரும்பங்கை இன்னும் யாரும் படித்துப் பார்க்கவில்லை. சந்தைக்குப் போனால் அதிக விலை பெறுவது சிவந்த வால் நீண்ட சேவலும் கருங்கோழியுமாக இருப்பதால், கழுத்தில் இறகில்லாததைப் பார்வைக்கு அழகில்லையென்று பலர் அடைவைக்காமல் விட்டுவிடுகிறார்கள். வெள்ளை, கறுப்பு, புள்ளி என்று கண்டதெல்லாம் ஒன்றோடொன்று கலந்தும் போகிறது.

திங்கள்சந்தையிலிருந்து கோழி வாங்கி வந்து வளர்க்கும் குளச்சல் சுற்றுவட்டாரத்து வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ கழுத்தில் இறகில்லாத பெட்டை இருந்தால், அதே வகைச் சேவல் ஒன்றை அதோடு விடுங்கள். அந்த முட்டைகளில் ஓர் அடைக்காவது எடுத்து வைத்து, பொரித்த குஞ்சுகளுள் நல்ல பெட்டைகளைக் கறிக்கு அனுப்பாமல் நிறுத்துங்கள். அருகிலுள்ள கால்நடை மருத்துவமனையில் இப்படிப்பட்ட கோழி எங்கள் வீட்டில் இருக்கிறது என்று சொல்லிவையுங்கள். இனவணுக்களைச் சேமிக்க வருகிறவர்களுக்கு அந்தச் சில முட்டைகள் தேவைப்படும்.